கேபிளை மட்டும் தொடாதே

சான் ஹெரோனிமோ,
26 மே 1987

அன்புள்ள எலிசியோவுக்கு,

நெரெய்டா எழுதிக்கொள்வது. நானும் யமிலாவும் நல்ல சுகம். சைபீரியாவில் பனி உருகி இப்போது கொசு பிடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மரம் வெட்டு. போன முறை மாதிரி முகம் வீங்கிய போட்டோவை அனுப்பி வைக்காதே, பார்த்துவிட்டு உன் மகள் இரண்டு நாள் சிரித்தாள்.

இங்கே கரும்பு அரைவை முடிந்துவிட்டது. ஆலைச் சங்கு ஊதாததால் ஊரே தாமதமாக எழுந்திருக்கிறது. யமிலாவின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள். ரேஷன் அட்டையில் கேக்குக்குப் பதிந்தாயிற்று. ரோஸ் கலர் கவுன் இடுப்புவரை தைத்தாயிற்று. ஆனால் அவளுக்கு இதெல்லாம் பெரிதில்லை. அவள் தொட்டிலில் கிடந்தபோது நீ ஒரு வாக்குக் கொடுத்தாயே, அதுதான் பெரிது. பதினைந்து வயதில் உன்னை நம் மோட்டார் சைக்கிள் கறுப்பியின் சைடு காரில் உட்காரவைத்து ஊர்ப் பூங்காவை மூன்று சுற்று சுற்றுவேன் என்றாயே. அப்பா இல்லாவிட்டாலும் வண்டி இருக்கிறதே, நீ ஓட்டு என்று என் உயிரை எடுக்கிறாள்.

வண்டி இருக்கிறதுதான். ஆனால் கிளட்ச் இல்லை. உன் கறுப்பி என்னைவிடப் பிடிவாதக்காரி, எலிசியோ. லிவரை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினால் பாதிதான் வருகிறது, வந்தால் திரும்பிப் போக மாட்டேன் என்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை எப்படியோ ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டேன். கிளட்ச் விடவில்லை. வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து பக்கத்து வீட்டு வாழையில் போய் முட்டியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வாழைக்குத்தான் ஆனது. யமிலா சமையலறைக்குள் போய் அழுதாள், எனக்குத் தெரியக்கூடாதாம்.

உன் ஏப்ரல் கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. நான்கு பக்கம் கிளட்ச் பற்றி, மூன்று வரி என்னைப் பற்றி. நன்றாக இருக்கிறது. நீ சொன்னபடியே செய்தேன். மூடியைக் கழற்றினேன், எண்ணெயை வடித்தேன், ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்தேன், கிளட்ச் பிளேட்டெல்லாம் ஒட்டிப்போயிருக்கும் என்றாயே என்று உருவிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. என் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் மண்ணெண்ணெயில் கழுவிச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்திருக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். லிவர் மட்டும் இன்னும் கல்லாகத்தான் இருக்கிறது.

நீ கடைசியில் இரண்டு தடவை அடிக்கோடிட்டு எழுதியிருந்தபடி, லிவரிலிருந்து கிளட்சுக்குப் போகும் கேபிளை நான் தொடவே இல்லை. புறப்படும் முன் நானே என் கையால் கிரீஸ் போட்டேன், அது பக்கா, கேபிளை மட்டும் தொடாதே என்றாய். சரி, தொடவில்லை. ஆனால் ஒரு கூத்து கேள். அந்தக் கேபிளுக்குள் எறும்பு சாரைசாரையாகப் போகிறது. இரும்புக்குள் எறும்புக்கு என்ன வேலையோ!

எல்வீராவைக் கூப்பிடு என்று நீ எழுதுவாய், தெரியும். உன் தங்கை ஆலைப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவள், இந்த ஊரில் அவளுக்குத் தெரியாத இரும்பு இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருடக் கடைசி விருந்துக்கென்று நான் மூன்று மாதம் சேர்த்த பன்றிக் கொழுப்பை டின்னோடு தூக்கிக்கொண்டு போனவளும் அவள்தான். சமையலறைச் சாவி அவளிடம்தானே இருந்தது? இதற்கு நீயே சாட்சி, பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாய். ஒன்றரை வருடமாக நான் அவள் முகத்தில் முழிக்கவில்லை. ஒரு கிளட்சுக்காக முழிக்கவும் மாட்டேன்.

நீ பதில் எழுதி அது வந்து சேர்வதற்குள் விழா முடிந்திருக்கும். ஆனாலும் யாரையாவது திட்டித் தீர்க்க வேண்டியிருந்தது, அதற்கு நீதானே இருக்கிறாய். உடம்பைப் பார்த்துக்கொள். கன்னி மேரி உன்னைக் காக்கட்டும்.

உன்
நெரெய்டா


சான் ஹெரோனிமோ,
16 ஜூன் 1987

திருடன் எலிசியோவுக்கு,

அன்புள்ள என்று எழுத வரவில்லை. ஏன் என்று இதற்குள் உனக்கே புரிந்திருக்கும்.

போன கடிதம் எழுதிய பிறகு பத்து நாள் நான் அந்தப் பிளேட்டுகளோடு மல்லுக்கட்டினேன். திருப்பி மாட்டவே முடியவில்லை. ஸ்பிரிங்கை அமுக்கினால் திருகு ஓடுகிறது, திருகைப் பிடித்தால் ஸ்பிரிங் பறக்கிறது. ஒன்று போய் அவரைக் குழம்புப் பானையில் விழுந்தது. யமிலா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பரவாயில்லம்மா, நடந்தே சுத்தலாம் என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதனால் ஐந்தாம் தேதி சாயங்காலம், மானம் ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, எல்வீரா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உனக்காக வரல, உன் மருமகளுக்காக வந்திருக்கேன் என்றேன். உன் தங்கை நாக்கு தெரியுமே. என்னைக் கூப்பிட உனக்கு ஒன்றரை வருஷமும் ஒரு கிளட்சும் தேவைப்பட்டிருக்கு, இன்னும் ரெண்டு மூணு வண்டி கெட்டுப்போனா சிரிச்சே பேசுவே போலிருக்கே அண்ணி என்றாள். ஆனால் கையில் இருந்த துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டுச் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

வந்தாள், மேசையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், லிவரை ஒரு அழுத்து அழுத்தினாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள், பிளேட்டெல்லாம் மேசையில கிடக்கு, ஸ்பிரிங்கெல்லாம் கிண்ணத்துல கிடக்கு, அப்பவும் லிவர் இறுகுதுன்னா குத்தம் பிளேட்டுலயா இருக்கும், சொல்லு அண்ணி? உங்க அண்ணன்தான் கேபிளைத் தொடாதேன்னு கோடு போட்டு எழுதியிருக்காரே என்றேன். எங்கே, கொடு பார்ப்போம் என்று உன் கடிதத்தை வாங்கிப் படித்தாள். கோடு போட்டா எழுதினான், அப்ப அங்கதான் ஏதோ இருக்கு என்றாள். கூடப்பிறந்தவளுக்குத் தெரியாதா உன்னை!

கேபிளைக் கழற்றிச் சமையலறை ஆணியில் நெட்டுக்குத்தலாகத் தொங்கவிட்டாள். மேல்முனையில் காகிதத்தைக் கூம்பாகச் சுற்றிக் கட்டி, மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னாள். அரைமணி நேரம் ஒரு சொட்டு இறங்கவில்லை. பிறகு கீழே இருந்து வந்தது பார், பழுப்பாக, பிசின்போல, செத்த எறும்போடு. எல்வீரா விரலில் தொட்டு மோந்தாள். கேபிளுக்குள் ஓடும் கம்பியை உருவி, அதில் அப்பியிருந்ததைக் கத்தியால் வழித்து, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த சட்டியில் ஒரு பொட்டு வைத்தாள்.

எலிசியோ, வீடு முழுக்கப் பன்றிக்கறி வறுத்த வாசனை! மண்ணெண்ணெய் நாற்றத்தையும் மீறிக்கொண்டு வந்தது. யமிலா வாசலிலிருந்து ஓடிவந்து, அம்மா என்ன பொரிக்கிற என்று கேட்டாள். உங்க அப்பாவோட மானத்தை என்றாள் உன் தங்கை.

கிரீஸ் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா? நீ திரும்பி வருவதற்குள் கறுப்பி துருப்பிடித்துவிடக் கூடாதென்று என் கொழுப்பு டின்னையே காலி செய்துவிட்டு, நான் எல்வீராவைத் திருடி என்றபோது பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாயே! அது ஒன்றரை வருட வெயிலில் உருகி, தூசியைப் பிடித்து, பசையாகக் காய்ந்து கேபிளைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அது தெரிந்துவிடக் கூடாதென்று என்னைப் பிளேட்டைக் கழுவ வைத்தாய். நல்ல ஆள் நீ!

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். எல்வீராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னை மன்னிச்சிரு என்று சொன்னேன். அவள், எண்ணெய்க் கையோட இருக்கேன், சட்டை பாழாயிடும் தள்ளிப் போ என்றாள். ஆனால் தள்ளவில்லை. நன்றாக இறுக்கித்தான் பிடித்தாள்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தையல் மெஷின் எண்ணெயை அதே கூம்பில் ஊற்றிக் கேபிளை ஓடவிட்டாள். கைப்பிடிக்குக் கீழே நீ அதை ஒடுக்கி வளைத்திருந்ததை அகலமாக வளைத்துக் கட்டினாள். பிளேட்டை அடுக்கி ஸ்பிரிங்கைப் போட்டு, லிவரில் ஒரு கால் அங்குலம் தளர்வு விட்டாள். இப்ப அழுத்து என்றாள். இரண்டே விரல், எலிசியோ! இரண்டு விரலால் வந்தது, விட்டதும் டக்கென்று திரும்பிப் போனது. நான் பத்துத் தடவை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். பிறகு ஒரு வாரம் தினமும் ஆலை மைதானத்தில் என்னை ஓட்ட வைத்தாள். வாழை மரம் எதுவும் சேதமில்லை.

பதினான்காம் தேதி ஊரே பூங்காவில் நின்றது. யமிலா ரோஸ் கவுனைச் சைடு காருக்குள் அமுக்கி உட்கார்ந்தாள், பாதிக் கவுன் வெளியேதான் பறந்தது. நான் ஓட்டினேன். ஆமாம், நான்தான். என் பின்னால் எல்வீரா உட்கார்ந்துகொண்டு, கிளட்ச், கியர், இப்ப விடு என்று காதில் கத்திக்கொண்டே வந்தாள். முதல் சுற்றில் நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றில் பாண்டு வாத்தியக்காரர்கள் எழுந்து நின்று வாசித்தார்கள். உன் மகளின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அத்தனை சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை, நானும் அப்படி இருந்ததில்லை.

இப்போது உன் விஷயம். அங்கேயே இன்னும் இரண்டு வருடம் வேலை பார்க்கக் கையெழுத்துப் போட்டால் குளிர்பெட்டி வாங்க அனுமதிச் சீட்டுக் கிடைக்கும் என்று எழுதியிருந்தாயே. எங்களுக்குக் குளிர்பெட்டி வேண்டாம். குளிர வைக்க என்ன இருக்கிறது, கொழுப்பைத்தான் நீ கேபிளுக்குத் தின்னக் கொடுத்துவிட்டாயே. எல்வீராவிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும், கடிதத்தில் கேட்டால் செல்லாது என்று அவள் சொல்லிவிட்டாள். நேரில் வந்து அவள் வாசலில் நிற்க வேண்டுமாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாவது சுற்று முடிந்து மேடைப் பக்கம் வந்தபோது யமிலா என் முழங்காலைத் தட்டினாள். நிறுத்தும்மா, மூணாவது அப்பா கூட என்றாள். நான் கிளட்சை அழுத்திப் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றுவிட்டது.

கன்னி மேரி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மூன்றாவது சுற்று பாக்கி இருக்கிறது. வந்துவிடு.

உன்
நெரெய்டா