பாதி மொட்டை

திருமங்கலம்,
20-8-1979

அன்புத் தங்கை தங்கப்பொண்ணுக்கு அண்ணன் விருமாண்டி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் மண்டை ஒன்றைத் தவிர. பதறாதே, முழுதாகப் படி!

வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடப்பதால் ஆபரேஷன் தேவைப்படலாம் என்று பிலாய் டாக்டர் சொன்னதாகவும், உடம்பில் கத்தி படவே கூடாது என்று நீ மறுத்துவிட்டதாகவும் மாப்பிள்ளை எழுதியிருந்தார். அன்றிலிருந்து உன் அண்ணி முத்துத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது, ஆனால் ருசிக்கவில்லை.

உன் பிரசவத்துக்காகக் கருப்பசாமிக்கு முடி வளர்க்கிறேன் அல்லவா? கோயிலில் இறக்கும்வரை கத்தி படக்கூடாது என்று நேர்ந்திருந்தேன். போன வாரம் சந்தையில் ஒரு கிடாயின் பல்லைப் பிடித்துப் பார்த்தேன். படுபாவி, ஒரே முட்டு! வண்டிச் சக்கரத்தில் மண்டை மோதி நினைவு தப்பிவிட்டது.

கண் விழித்தால் ஆஸ்பத்திரி. தலையில் ஒரு பக்கம் வழுவழுவென்று இருக்கிறது. தையல் பாதிதான் முடிந்திருந்தது. "அடப்பாவிகளா, சாமிக்கு விட்ட முடி!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ஜோசபின் அம்மா உடனே கையை எடுத்துவிட்டார். "நெனவில்லாம கெடந்தீங்க, கேக்க முடியல. உசுரைக் காப்பாத்தத்தான் சொல்லுவீங்கன்னு நெனச்சுச் செஞ்சேன். இப்ப முழிச்சிட்டீங்க, வேணாம்னா தொட மாட்டேன். ஆனா ரத்தம் நிக்கலைன்னா உசுருக்கு ஆபத்து" என்றார். நான் வேண்டவே வேண்டாம் என்று துண்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அண்ணி அழுதாள், திட்டினாள். ம்ஹும்!

யாருக்காக நேர்ந்தது என்று டாக்டர் அம்மா கேட்டார். சொன்னேன். "அப்ப அந்தப் பிள்ளைக்கு யார் மடியில வச்சுக் காது குத்துவாங்க?" என்று கேட்டாரே பார்க்கலாம். தாய்மாமன் மடியை விட்டால் வேறு மடி ஏது? துண்டை எடுத்துவிட்டேன். "தைங்கம்மா" என்றேன்.

மழித்த முடியை அண்ணி மஞ்சள் பையில் முடிந்து வைத்திருக்கிறாள். பூசாரி தவசி, "சாமிக்கு முடிதானப்பா வேணும், உன் மண்டையா வேணும்? மிச்சத்தையும் வளத்துக் கொண்டா" என்று சிரிக்கிறார். பாதி மொட்டையோடு அலைகிறேன். சந்தையே வேடிக்கை பார்க்கிறது.

ஆத்தா, உன் உடம்பு, நீ சொல்வதுதான். ஆனால் நினைவு தப்பும்வரை இழுத்துக்கொண்டு கிடக்காதே. நல்ல நினைவோடு, உன் வாயாலேயே சரி என்று சொல்லு. பயமாக இருந்தால் என் தலையை நினைத்துச் சிரித்துக்கொண்டே சொல்லு. மாமன் மடி பத்திரமாக இருக்கிறது. பிள்ளையை அதில் நீதான் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும், தாயி. நீதான்.

உன் அண்ணன்,
விருமாண்டி