ஏசி கடைச் சாம்பார் சாதம்

அருண் அப்பாவுக்கு,

டோல்கேட் டூட்டிக்கு விக்கிரவாண்டி கிளம்பிவிட்டேன். உங்களை எழுப்பினால் ராத்திரி விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்கும். அதனால் எழுதி வைக்கிறேன்.

பாண்டிச்சேரி ஏசி கடையிலிருந்து நீங்க மலிவாக வாங்கிவந்த சாம்பார் சாதத்தை மாமாவுக்கு இனிமேல் சூடு பண்ணித் தராதீங்க. "பணக்காரங்க போற கடைடீ, அங்க மட்டமானதையா வெப்பான்?" என்று கத்தினீங்களே, காலிப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்க. எது அதிகமோ அதைத்தான் முன்னால் போடுவாங்க: அரிசி, எண்ணெய், உப்பு, அதற்கப்புறம்தான் பருப்பு. பிரஷருக்கு உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதால்தான் நான் சப்பென்று ஆக்குகிறேன், ஆக்கத் தெரியாமல் இல்லை.

நேற்று மாமாவின் காலைப் பார்த்தீங்களா? விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க. சாவியைப் பக்கத்து வீட்டு மலர்விழி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்க.

கேப்பைக் கூழ் கரைத்து வைத்திருக்கிறேன், மோர் ஊற்றிக் கொடுங்க. ஊறுகாய் கேட்பார், பெத்த அப்பாவாச்சே என்று மனசு இளகித் தந்துவிடாதீங்க.

மிச்சப் பாக்கெட்டுகளை என் மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துப்போகிறேன். தூக்கிப்போட மனசு வரவில்லை.

செல்வி

இன்னொன்று. அது பாக்கெட் சோறு என்று மாமாவிடம் சொல்லிடாதீங்க. முதல் நாள் அதைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கிதாம்மா வாய்க்கு ருசியா ஆக்கிக்கீற" என்றார். நீங்க சிரிச்சீங்க. நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் என் சமையலைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.