கடலின் அமைதியும் வந்து சேர்ந்தது

அன்பு மாப்ள நிஜாருக்கு,

பச்சை விளக்கு எரிகிறதா? நாம் போனில் பேசினால் நலம் விசாரிக்கும் முன்னால் அதைத்தானே கேட்போம். இங்கே எரிகிறது. அணையாமல் எரிகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நீ போன பிறகு வாலிநோக்கத்துக்கு வர எனக்குக் கால் எழவில்லை. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே மாட்டாய் என்று யார் கண்டது? உன்மேல் கோபம்கூட இருந்தது. கடலுக்குள் வரிசையாக மைக்குகளை இறக்கி, கரையில் ஒரு எலக்ட்ரானிக் போர்டும் உன் வீட்டு மாடியில் ஒரு போர்டும் வைத்து, நடுவில் ஃபைபர் கேபிளையும் இழுத்துவிட்டு, மிச்சத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே.

உன் உம்மாதான் கூப்பிட்டார். "வாப்பா, மாடியில அந்தப் பெட்டி மினுக்கிக்கிட்டே கெடக்கு. தடைக்காலம் வருது. ஆவுளியா சத்தத்தக் கேக்கணும்னுதான அவன் அம்புட்டும் பண்ணான்? ஒரு எட்டு வந்து பாரு."

எப்படி மறுக்க? ஆவுளியா என்று உங்கள் ஊரில் சொல்லும் கடல்பசுவின் குரல் விசைப்படகுகள் ஓடும் காலத்தில் எஞ்சின் சத்தத்தில் அமுங்கிவிடும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் இரண்டு மாதம்தான் வாய்ப்பு. விட்டால் அடுத்த வருஷம். அதுவரை அந்த மைக்குகள் உப்புத் தண்ணீரைத் தாங்குமா? பையை எடுத்துக்கொண்டு சாயல்குடி பஸ் ஏறிவிட்டேன்.

இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நீ சிரிக்காதே. நம் போர்டில் இருக்கும் எஃப்.பி.ஜி.ஏ, உள்ளே என்ன சர்க்யூட் வேண்டுமோ அதை நாமே எழுதிக்கொள்ளும் சிப். அதன் ஓரத்தில் டிரான்ஸீவர் என்று ஒரு பகுதி. மைக்குகள் தரும் எண்களை ஒன்று, பூஜ்யம் என்று ஒற்றை வரிசையாக்கி, கண் சிமிட்டும் நேரத்தில் கோடிக்கணக்கில் ஒளியாக அனுப்பிவிடும். கேபிளில் போவது அந்த ஒளி மட்டும்தான். எப்போது ஒரு எண் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று சொல்லத் தனிக் கடிகாரம் எதுவும் கூடப் போவதில்லை. ஒன்று பூஜ்யமாகிற, பூஜ்யம் ஒன்றாகிற அந்த மாற்றத்தைப் பார்த்தே மறுமுனை நேரத்தைக் கற்றுக்கொள்கிறது. எத்தனை வருஷம் இதில் கிடந்தாலும் இந்த இடம் வந்தால் எனக்கு மெய்சிலிர்க்கும்.

நீ இதைக் கரைவலையை வைத்துச் சொல்வாய். "முன்னால இழுக்குறவன் மொகம் பின்னால நிக்கிறவனுக்குத் தெரியாது மச்சான். கயிறு அசையிறத வச்சே கூடச் சேந்து இழுப்பான்."

நான் வந்த அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகள் கரைக்கு வந்தன. இரண்டு போர்டுகளுக்கும் இணைப்பு இருக்கிறது என்று காட்டும் அந்தப் பச்சை விளக்கு அணைந்தது. உப்புக்காற்றின் வேலை என்று நினைத்துக் கேபிள் முனையைத் துடைத்தேன். கேபிளையே மாற்றினேன். விளக்கு வரும், போகும். நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

ஒரு காலையில் மாடியில் நின்றுகொண்டிருந்தேன். தடை இல்லாத சின்ன நாட்டுப்படகு, வல்லம் ஒன்று, தடதடவென்று மைக்குகளின் பக்கமாகப் போனது. விளக்கு எரிந்தது. வல்லம் தூரம் போனதும் அணைந்துவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மாப்ள.

ஒரு அளவுக்குக் கீழே வரும் சத்தமெல்லாம் வெறும் கரண்ட் இரைச்சல், அதைப் பூஜ்யமாக்கிவிடலாம் என்று நாம் இரண்டு பேரும்தானே முடிவு செய்தோம்? நீ எஞ்சின் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன். நான் கடலே இல்லாத முதுகுளத்தூர்க்காரன். கடல் அந்த அளவுக்குக் கீழே அடங்கும் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை. படகுகள் நின்றதும் அது அடங்கிவிட்டது. பூஜ்யத்துக்குப் பின் பூஜ்யமாகப் போனது. கயிறு அசையவில்லை, மறுமுனை நேரத்தைத் தொலைத்துவிட்டது. கடல்பசு வாய் திறந்தாலும், இணைப்பு சுதாரித்து எழுவதற்குள் அதன் குரல் முடிந்துபோயிருக்கும்.

மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். அனுப்பும் பக்கம் எண்களோடு, ஒன்றும் பூஜ்யமும் மாறிமாறி வரும் தெரிந்த ஒரு வரிசையைக் கலந்து, கலைத்து அனுப்ப வேண்டும். வாங்கும் பக்கம் அதே வரிசையைப் பிரித்தெடுத்துப் பழையபடி அடுக்க வேண்டும். வெறும் பூஜ்யங்களுக்கு நடுவிலும் ஒன்றுகள் கலந்துவிடுவதால் கயிறு ஓயாமல் அசையும். இதை நான் முதலிலேயே சொன்னபோது நீ ஒத்துக்கொண்டாயா? "கடல் சொல்றதுல நாம கை வைக்கக் கூடாது. சொன்னத சொன்னபடி அனுப்பணும்." அதற்காக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல்கூட இருந்தாய். இப்போது நீ இல்லாத நேரம் பார்த்து அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

நான் விழிப்பதைப் பார்த்து உம்மா விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"கலைச்சத திருப்பி அடுக்கிருவீகளா?"

"அடுக்கிரலாம்மா. ஒண்ணுகூட மாறாது."

"பெறகென்ன? அவன் பிடிவாதம் தெரியாதா ஒனக்கு. கேட்டான்னா நான் சொன்னேன்னு சொல்லு."

நீ கேட்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். உம்மா சொன்னார், நான் செய்தேன்.

சிப்பில் எழுதி ஏற்றியதும் விளக்கு எரிந்தது. நம்பிக்கை வராமல் கரையில் புறப்பட்டதையும் மாடியில் வந்து சேர்ந்ததையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். ஓர் எண் பிசகவில்லை. கண்ணாடி நூலுக்குள் தாறுமாறாகப் பறந்து வந்தது, அடுத்த கணமே கடல் சொன்ன அதே வரிசையில் வந்து நிற்கிறது. வெறும் பூஜ்யமாகப் புறப்பட்டதும் வெறும் பூஜ்யமாகவே வந்து சேர்ந்திருக்கிறது. நாமே எழுதியதுதான். இருந்தாலும் கும்பிட வேண்டும்போல இருந்தது.

அதற்கப்புறம் காத்திருப்புதான். தடைக்காலம் முடியப் போகிற சமயம். எஞ்சின்களைத் துடைத்து எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் உம்மா அஸர் தொழுதுவிட்டு மாடிக்கு வந்து உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல். மறுபடி இரண்டு தரம், கொஞ்சம் இழுத்து.

"இதா? அம்மாம் பெரிய உசுருக்கு இத்துனூண்டு சத்தமா?" என்றார் உம்மா. கண் நிறைந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். குரல் வரும் இடத்திலிருந்துதான் போட்டேன். அவர் கையமர்த்தினார்.

"இதுக்கு முந்தி என்ன கெடந்துச்சு வாப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா கெடந்துச்சு."

"அதையும் சேத்துப் போடு."

போட்டேன். இரண்டு பேரும் அந்தச் சும்மாவை முழுக்கக் கேட்டோம். அதற்குள் நீ இருந்தாயா, மாப்ள?

நாளை விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. மறுபடி எஞ்சின் சத்தம்தான். போர்டுகளை நான் கழற்றப் போவதில்லை. உம்மாவைப் பார்க்கவும் இந்த விளக்கைப் பார்க்கவும் வந்துகொண்டே இருப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராவிட்டாலும் நான் இணைப்பை விடமாட்டேன்.

விளக்கு எரியும் உன் மாடியிலிருந்து,
உன் மச்சான்
முனியசாமி