மஞ்சள் பெட்டிக்கு வாங்கிய சத்தியம்

மாத்தளை,
யுவ வருடம், தை மாதக் கடைசி.

அன்புள்ள தம்பி இராசையாவுக்கு, அக்கா மங்களேஸ்வரி எழுதுவது. இங்கே நான் சுகம். கொழும்பில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டேன் என்றும், அம்மனுக்கு வைத்த மஞ்சள் தண்ணீரைத் தெருவில் கொட்டிக் காலால் மிதித்தேன் என்றும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உன் தேர்தல் வேலையைப் பார்க்கிற இராமையா அதை உனக்கும் எழுதியிருப்பான். கண்டியில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது உண்மை. படித்த வருடங்கள் முழுவதும் நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒரு நாளும் வகுப்புக்குப் போனதில்லை. ஒரு கன்னியாஸ்திரீ அதைத் துடைக்கச் சொன்னபோது துடைத்தேன். மறுநாள் மறுபடியும் பூசிக்கொண்டு போனேன். சிறு பெண்ணாக இருந்தபோது செய்யாததை இந்த வயதிலா செய்யப்போகிறேன்?

மஞ்சள் தண்ணீரையும் நான் கொட்டவில்லை. இராமையாவின் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கி, அம்மன் காலடியில் திருப்பி வைத்தேன். அவன் விடமாட்டேன் என்று இழுத்ததில் கொஞ்சம் என் வெள்ளைச் சேலையில் சிந்தியது. கறை இன்னும் போகவில்லை. வந்தால் காட்டுகிறேன்.

நடந்தது இதுதான். தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, உக்குவளை ரோட்டில் அரச மரத்தடியிலுள்ள சின்ன அம்மன் சன்னதிக்குப் பெண்கள் பொங்கல் வைக்க வந்திருந்தார்கள். உனக்கு மஞ்சள் பெட்டி கிடைத்திருப்பதால் இராமையாவுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் நிறம் பார்த்து வோட்டுப் போடட்டும் என்றுதான் அரசாங்கம் தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி வைக்கிறது. இவன் அந்த நிறத்தைக் கொண்டுபோய் அம்மனோடு சேர்த்துவிட்டான். மஞ்சள் ஆத்தாளுடைய நிறம், மஞ்சள் பெட்டியில் போடுவது ஆத்தா உண்டியலில் போடுகிற மாதிரி என்று சொல்லி, ஒவ்வொரு பெண்ணையும் மஞ்சள் தண்ணீரில் கை நனைத்துச் சத்தியம் செய்யச் சொன்னான். திரை மறைவில் போடுவது யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒருத்தி கேட்டதற்கு, "திரை நமக்குத்தான் தாயி. ஆத்தாவுக்கு ஏது திரை? அவ பாத்துக்கிட்டேதான் இருப்பா" என்றானாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் கை நனைத்துவிட்டார்கள். அப்போதும் உன் பெயருக்கு இழுக்கு வரக்கூடாது என்று வீட்டுக்கு வந்து உனக்கு எழுதலாம் என்றிருந்தேன். அடுத்தாற்போல் நம் பக்கத்து வீட்டுக் கமலாட்சி வந்தாள். அவளுடைய மகள் தலைப்பிள்ளைக்காக வீட்டுக்கு வந்திருக்கிறாள். மாசியில் பிள்ளை பிறக்க வேண்டும். இராமையா அதைத் தெரிந்துகொண்டு, "ஒங்க மக வயித்துப் புள்ள மேல சத்தியம் பண்ணுங்க. மஞ்சளுக்குப் போட்டா பிரசவத்த ஆத்தா பாத்துக்குவா. மாத்திப் போட்டா நான் பொறுப்பில்ல" என்றான். என் காதால் கேட்டேன். கமலாட்சி கையை நனைத்தாள். அதற்குப் பிறகுதான் தாம்பாளத்தை வாங்கினேன்.

இவ்வளவு நாளும் அவனை உன் வலது கை என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தக் கை எங்கெல்லாம் போகிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது உன் உத்தரவு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உன் பெயரால் நடந்திருக்கிறது.

வேறொன்றும் கேள். உனக்கு எதிராக நிற்கிற சிவப்புப் பெட்டிக்காரருடைய ஆட்கள் சும்மா இருப்பார்களா? சிவப்பும் அம்மன் நிறம்தான், குங்குமத்தைப் பார் என்று மறுநாளே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதைக் கேட்ட வெள்ளச்சி, "அப்ப ஆத்தாளுக்கு ரெண்டு வோட்டு இருக்குதாக்கும்" என்றாள். வெள்ளச்சி நமக்குச் சாணமும் விறகும் கொண்டுவந்து தருகிற தோட்டத்துப் பெண். தேயிலைக்கு மருந்தடிக்கிற மகனோடு தோட்டத்து லய வீட்டில் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்களை வீட்டுக்கு வரச் சொன்னேன். இதையும் இராமையா உனக்கு வேறு மாதிரி எழுதியிருப்பான். உனக்கு எதிராக நான் கூட்டம் கூட்டவில்லை. உன் தேர்தல் அறிக்கையை வாசித்துக் காட்டத்தான் கூப்பிட்டேன். பாய் விரித்து, பிளேன்டீயும் கருப்பட்டியும் கொடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். சட்டசபைக்குக் கூடுதல் அதிகாரம், இந்திய வம்சத்தாருக்குச் சம உரிமை, அரிசி இறக்குமதி, வருமான வரி எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறாய். எல்லாம் வேண்டியவைதான். முடித்துவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

அப்படி ஒருவரும் அவர்களைக் கேட்டதில்லை. பிறகு சாக்கடைக் கான் அடைத்துக்கொண்டு அழுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றாள் ஒருத்தி. போன வருடம் மலேரியாக் காய்ச்சல் இத்தனை பேரைக் கொண்டுபோன பிறகும் கொய்னா மாத்திரைக்கு அலைய வேண்டியிருக்கிறது என்றாள் இன்னொருத்தி. மிளகுக் கடை மக்கீனுடைய மனைவி ஜுனைதாவும் வந்திருந்தாள். அவளிடமும் இராமையா மஞ்சள் கதையைச் சொல்லியிருக்கிறான். "எங்கட வீட்ல மஞ்சள் கறிக்குத்தான் போடுற, வோட்டுக்குப் போட்டதில்ல என்டு சொல்லி அனுப்பினேன் மாமி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு பேச்சு வந்தது.

ஜுனைதாவே தொடங்கினாள். அவளுடைய தங்கைக்கு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி தேடி, வண்டிக்காரன் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி, கடைசியில் ரோட்டோரத்தில் புடவை மறைவில் பிள்ளை பிறந்ததாம். பிள்ளை தங்கவில்லை. அதைக் கேட்டு இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. தம்பி, அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் அப்படி ஒரு கதை இல்லாதவள் ஒருத்திகூட இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் பார்க்கிறார்கள். போய்ச் சேர்வதுதான் பாடு. இந்த ரோட்டில் பிரசவம் பார்க்கிற ஒரு மிஸ்ஸி இருந்தால், அவளுக்கு ஒரு அறையும் கட்டிலும் இருந்தால், பாதிப் பேர் பிழைத்திருப்பார்கள்.

உன் அறிக்கையை நான் மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு பெண்ணும் பிள்ளை பெறவில்லை.

வெள்ளச்சி கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நிரந்தரமாக இங்கே குடியிருப்பதற்குச் சர்ட்டிபிகேட் வேண்டும் என்று அவள் பெயரை வோட்டுப் பட்டியலில் சேர்க்கவில்லையாம். "எனக்கு வோட்டு இல்லீங்கம்மா. என் மருமகளுக்கும் இல்ல. ஆனா வயிறு இருக்குங்க. மிஸ்ஸி வந்தா எங்களயும் பாப்பாங்களா?" என்று கேட்டாள். நீ படித்த சட்டத்தில் இதற்குப் பதில் இருந்தால் எழுது.

இனிச் சத்தியத்தின் விஷயம். கை நனைத்த பெண்கள் பயந்துபோயிருக்கிறார்கள். கமலாட்சி சோறு சரியாகத் தின்பதில்லை. உனக்கு வோட்டுப் போடக்கூடாது என்று அவள் நினைக்கவில்லை. உன்னைச் சிறுவனாக இருந்தபோதே தெரியும், உனக்குத்தான் போடுவேன் என்கிறாள். அவளுடைய பயம் வேறு. வோட்டுப் போடுகிற அன்றைக்குக் கை தவறி வேறு பெட்டியில் விழுந்துவிட்டால்? காய்ச்சல் வந்து போக முடியாமல் போனால்? மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிடுவாள். அது ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நான்தான் கன்னியர் மடத்தில் படித்தவளாயிற்றே.

சன்னதிப் பூசாரியிடம் நேரே போய்க் கேட்டேன். அவர் நல்ல மனிதர். நடந்ததில் அவருக்கும் சம்மதமில்லை. சத்தியம் யாருக்காக வாங்கப்பட்டதோ, அந்த ஆள் தன் வாயாலேயே விட்டுக்கொடுத்தால் போதும், ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றார். அந்த ஆள் கொழும்பில் இருக்கிறாரே என்றேன். எழுதிக் கொடுத்தால் அம்மன் முன்னால் வாசித்துவிடலாம் என்றார். ஆகவே இது என்னாலும் ஆகாது, இராமையாவாலும் ஆகாது. உன்னால் மட்டும்தான் ஆகும்.

விட்டுக்கொடுத்தால் சில வோட்டுகள் போகும். அது எனக்குத் தெரியாமல் எழுதவில்லை. சிவப்புப் பெட்டிக்காரர் வீடு வீடாக அரிசி கொடுக்கிறார். உன் பெயரால் கட்டி வைத்ததை நீ அவிழ்த்துவிட்டால் சிலர் அந்தப் பக்கம் போவார்கள். தோற்றாலும் தோற்பாய். ஆனால் கர்ப்பிணியின் வயிற்றைப் பணயம் வைத்து நீ சட்டசபையில் போய் உட்கார்ந்தாய் என்று என் காதில் விழக்கூடாது. அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவள் நான். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

உன் அத்தான் விட்டுப்போன கொக்கோ ஸ்டோரைத் தேர்தல் வேலைக்குக் கந்தோராக வைத்துக்கொள்ளச் சாவி கேட்டிருந்தாய். நான் தர மறுத்ததாகவும் ஒரு பேச்சு ஓடுகிறது. மறுக்கவில்லை, இன்னும் தரவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். சுவர் திடமாக இருக்கிறது. கூரையில் நாலைந்து தகடு மாற்ற வேண்டும். கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. ரோட்டு ஓரம், வண்டி வாசலுக்கே வரும். அரசாங்கம் ஒரு மிஸ்ஸியை அனுப்பச் சம்மதித்தால், அந்த ஸ்டோரை வாடகையில்லாமல் எழுதிக் கொடுக்கிறேன். வெள்ளையடிக்கிற செலவும் என்னுடையது. ஒரே நிபந்தனை: வாசலுக்கு வருகிறவளிடம் வோட்டு இருக்கிறதா என்று யாரும் கேட்கக்கூடாது.

நான் எந்தப் பெட்டியில் போடுவேன் என்று கேட்டு எழுதாதே. அதற்குத்தான் திரை வைத்திருக்கிறார்கள். உன்னிடமும் சொல்லமாட்டேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைப் பற்றி நாம் இருவரும் இத்தனை வருடமாகப் பேசினதில்லை. இனியும் நீளமாகப் பேசமாட்டேன். பிரசவ வலியோடு என் மகள் இராஜகுமாரியை ஏற்றிக்கொண்டு போன வண்டியில் நீயும் இருந்தாய். அன்றைக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டவள் நான்தான். மழையில் வண்டி பாலத்தைத் தாண்டவில்லை, அவள் வீடு திரும்பவில்லை. அம்மன் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை, வெள்ளிதோறும் விளக்கேற்றுகிறேன். மிஸ்ஸி செய்ய வேண்டிய வேலையை அம்மன் தலையில் கட்டிவிட்டுப் போகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர்களில் நீ ஒருவனாக இருக்கக்கூடாது.

ஜலதோஷம் விட்டதா? கூட்டங்களில் தொண்டை கட்டும்படி கத்தாதே. உன் மனைவியிடம் மாத்தளை மிளகு அனுப்பியிருப்பதாகச் சொல். இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் இருக்கிறது.

நீ எழுத வேண்டியது இரண்டு. மஞ்சள் பெட்டிக்காக வாங்கிய சத்தியத்தை விட்டுக்கொடுக்கிறேன், யாரும் பயப்பட வேண்டாம், மனதுக்குச் சரி என்று பட்டவருக்குப் போடுங்கள் என்று, கமலாட்சிக்கு விளங்குகிற தமிழில் ஒரு தாள். இந்த ரோட்டுக்கு ஒரு மிஸ்ஸி வரப் பாடுபடுவாயா மாட்டாயா என்று இன்னொரு தாள். பாடுபடுவாய் என்றால் அதை உன் அறிக்கையிலும் அச்சடி. முடியாது என்றால் முடியாது என்றே எழுது. அதற்காக நான் உனக்கு அக்கா இல்லை என்றாகிவிடாது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. மிஸ்ஸியை அனுப்ப யார் பாடுபடுகிறாரோ அவர் கையில் கொடுப்பேன். அது உன் கையாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு, நிமிர்ந்த தலையோடு இருக்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை சன்னதியில் பெண்கள் எல்லாரும் கூடுவார்கள். இராமையாவிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பாதே. உன் கையால் எழுதி, கையெழுத்து வைத்து, அதற்குள் வந்து சேரும்படி தபாலில் போடு.

உன் அக்கா,
மங்களேஸ்வரி