கொடிக்கம்பத்தடியில் நின்ற டீச்சருக்கு

அன்பு மகள் ருவேலினுக்கு, பெரியப்பா எபிஃபானியோ எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மாவும் நலம், என் சிவப்புச் சேவல் எங்களைவிட நலம், போன ஞாயிறு களத்தில் ஒன்பது சேவல்களைச் சாய்த்துவிட்டுப் பத்தாவது எங்கே என்று என் முகத்தைப் பார்த்தது. நீயும் செபு பட்டணத்தில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாகவே இருப்பாய், நீ ஒரு வரி எழுதாததால் நாங்களாகவே அப்படி நினைத்துக்கொள்கிறோம்.

நீ அழுதுகொண்டே படகேறிய நாளிலிருந்து தீவில் உன் பேச்சுதான். மீன்காரி நெனிதா, "ஏங்க, உங்க டீச்சரம்மா கொடிக்கம்பத்துக்குக் காவல் நின்னாங்களாமே, கொடியை யாராச்சும் திருடிட்டாங்களா?" என்று சந்தை நடுவில் கேட்டாள். நான் விடுவேனா, அவளைவிடச் சத்தமாகச் சிரித்தேன், முழுக் கதையையும் சொன்னேன். ஆசிரியர் பயிற்சிக்கு எடுக்குமுன் பத்து நாள் நம் ஊர்ப் பள்ளி வகுப்பில் உட்கார்ந்து பார்த்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வா என்று கல்லூரி அனுப்பியது, ஐந்து நாள் மூன்றாம் வகுப்பின் பின்வரிசையில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாய். ஆறாம் நாள் டீச்சர் பல்வலி என்று வகுப்பை உன் தலையில் போட்டுவிட்டுப் போனாள். சத்தம் போடுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் வேலையை எந்த ஊரிலும் சாதுவான பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள், நீ என்னவோ பொறுப்பு வந்தால் திருந்துவான் என்று டின்டோ பயல் கையில் சாக்பீஸைக் கொடுத்தாய். அவனும் திருந்திவிட்டான், நேர்மையாக எழுதினான். முதல் பெயர் உன்னுடையது. "சத்தம் போடாதீங்க" என்று நீ கத்திய தடவைக்கெல்லாம் ஒவ்வொரு கோடு, பதினாலு கோடு, நான் சொல்லும்போது நாற்பது. மூன்று கோடு தாண்டினால் வெயிலில் கொடிக்கம்பத்தடியில் நிற்க வேண்டும் என்பது பள்ளி விதி. உள்ளே வந்த தலைமையாசிரியை எவாஞ்சலிஸ்டா பலகையைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே, டீச்சர்?" என்றாள். நீயும் போய் நின்றாய். அதுதான் எனக்கு ஆறவில்லை, அடி அசடே, ஏன் போய் நின்றாய்? உன் அப்பன் கடலோடு போன பிறகு உன்னை வளர்த்தவன் நான், யார் சொன்னாலும் போய் நில் என்றா வளர்த்தேன்?

அந்தப் படிவம் முழுசாக நிரம்பாவிட்டால் ஜூனில் உன்னைப் பயிற்சிக்குச் சேர்க்க மாட்டார்கள், மூன்று வருடப் படிப்பும் தண்ணீரில் போகும் என்று உன் தோழி எழுதியிருந்தாள். உடனே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தலைமையாசிரியையைப் பார்க்கப் பள்ளிக்குப் போனேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன் என்று பார்த்தால் யாருக்கும் தெரியாது. எங்கள் பெண் செபுவில் இப்போதே மூன்று வகுப்பைக் கட்டி ஆள்கிறாள், மேயரே எழுந்து நின்று கை கொடுத்தார் என்று எடுத்துவிட்டேன். அந்த அம்மாள் நிதானமாக, "அவ்வளவு பெரிய டீச்சருக்கு என் கையெழுத்து எதுக்குங்க?" என்றாள். நான் வெள்ளைச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். பிறகு, அவள் சின்னப் பெண், வகுப்பு என்றால் என்னவென்றே தெரியாது என்று மாற்றிச் சொன்னேன். "அப்ப தெரிஞ்சுக்கட்டும். மிச்சம் அஞ்சு நாளும் பின்னால நாற்காலியில வேணாம். முன் பெஞ்சுல, பிள்ளையா உட்காரட்டும். சீருடையோட. கையெழுத்துப் போடுறேன்" என்றாள்.

நான் ஒத்துக்கொண்டேன் மகளே. உன்னைக் கேட்க நேரமில்லை, கேட்டால் நீ மாட்டேன் என்பாய். வருகைப் பதிவில் உன் பெயரை என் கண் முன்னாலேயே எழுதினாள், டின்டோவுக்கு அடுத்த இடம். பயல் இப்போதே பெஞ்சில் உனக்கென்று பாதி இடத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறான். ஊரே திங்கட்கிழமையை எதிர்பார்க்கிறது, நானும்தான்.

ஆண்டவரும் அன்னையும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், டீச்சராகி எங்கள் பெயரைக் காப்பாற்று. வெள்ளிக்கிழமைப் படகைத் தவறவிடாதே. உன் பழைய பள்ளிக்கூட நீலப் பாவாடை எப்படியும் ஏறாது, பெரியம்மா துணி எடுத்து வைத்திருக்கிறாள், இடுப்பளவை மறக்காமல் தந்தியில் சொல்.

உன்னை ஆளாக்கிய பெரியப்பா,
எபிஃபானியோ