வேறொரு கோட்டைக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

மேகலா எழுதுவது. இங்கே நடந்ததை ஒன்றுகூட மறைக்காமல் எழுதப் போகிறேன். போனில் பேசினால் சுற்றிலும் எல்லோரும் நிற்கிறார்கள். அப்துல் வஹாப் மாமா நாளை குவைத்துக்குத் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவின் கருமாதி நேற்று முடிந்தது. உங்களுக்கு லீவு கிடைக்காததைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. சம்பாவில் கதிர் வந்துவிட்டது என்று சித்தப்பா எழுதச் சொன்னார்.

போன வாரம் வானதி அழாமலிருக்க, ஐரோப்பாவின் பழைய கோட்டைகளைப் பற்றிய பள்ளி நூலகப் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். கோட்டையைச் சுற்றி நம் வாய்க்கால் மாதிரி அகழி இருக்கும், எதிரி வந்தால் பாலத்தையே சங்கிலியால் தூக்கிவிடுவார்கள் என்றேன். குதிரைவீரர்கள் உடம்பு முழுக்க இரும்புக் கவசம் போடுவார்கள் என்றதும், "முதுகு அரிச்சா எப்படிக்கா சொறிவாங்க?" என்று கேட்டாள். அம்மா போன பிறகு அன்றுதான் நான் சிரித்தேன்.

அடுத்த பக்கத்தில், ஏழு வயதானதும் பிள்ளைகளை வேறொரு கோட்டைக்கு அனுப்பி வளர்ப்பார்கள் என்று இருந்தது. "பொம்பளப் புள்ளையையுமா?" என்றாள். ஆமாம், பெரியவர்களாகித் திரும்பி வருவார்கள் என்றேன். கும்பகோணம் பெரியம்மாவின் மனதில் இருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

நேற்று பெரியம்மா "எங்கூட வந்துடுறியாடா கண்ணு?" என்று கேட்டதும், வானதி "எனக்குத்தான் ஏழு வயசாயிடுச்சே!" என்று துணிகளைப் பையில் திணித்தாள். பாப்பா சிரித்துக்கொண்டே வருகிறாள் என்று பெரியம்மா உங்களிடம் சொன்னது உண்மைதான். ஏன் சிரித்தாள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். "இனிமே அவ எங்க புள்ள" என்று பெரியம்மா சித்தியிடம் சொன்னதை நான் கேட்டேன். வானதி கேட்கவில்லை.

கார் ஏறும்போது "அக்கா, போயிட்டு..." என்று ஆரம்பித்தாள். பெரியம்மா அவள் வாயைப் பொத்தினார். "சாவு வீட்டுலேருந்து கெளம்புறப்ப அப்படிச் சொல்லக்கூடாதும்மா." வானதி என்னைப் பார்த்து, "வரேன்னு சொல்லாம எப்படிக்கா வர்றது?" என்றாள். சொல்லாமலே போய்விட்டாள்.

பெரியம்மா நல்லவர்தான் அப்பா. ஆனால் வானதிக்கு நானே தலைபின்னி, பள்ளிக்கு அழைத்துப் போவேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பெரியம்மா அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார். உங்களால் எப்போது முடியுமோ அப்போது வாருங்கள், அந்த வார்த்தையை மட்டும் இப்போதே சொல்லுங்கள். வெயிலில் அதிகம் நிற்காதீர்கள்.

உங்கள் மகள்,
மேகலா

சித்தி விளக்கை அணைக்கச் சொல்கிறார். வானதிக்கு இருட்டில் தூக்கம் வராது. பெரியம்மாவிடம் அதையாவது சொல்லிவிடுங்கள்.