இருபத்தாறு வருடத்துக்குப் பின் ஒரு கல்யாணம்

நியூயார்க்
பிப்ரவரி 1920

அன்பு மகள் ஃப்ரேடலுக்கு,

கடவுள் கிருபையால் என்று தொடங்கும் வழக்கம் நம் வீட்டில் இல்லை, ஆகவே உடம்பளவில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன், லாஸ் ஏஞ்சல்ஸ் வெயிலில் நீயும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் இருமல் எப்படி இருக்கிறது என்று போன கடிதத்தில் நீ எழுதவில்லை. இங்கே பனி இரண்டாம் படி வரை ஏறிக் கிடக்கிறது, நிலக்கரிக்காரன் வருவதில்லை, நான் கம்பளிக் கோட்டுக் கடையில் இஸ்திரி போடும் நாட்களில் மட்டும் சூடாக இருக்கிறேன். அம்மாவைச் சட்டைத் தொழிற்சாலையில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. அராஜகவாதி என்று கைதாகி ஜாமீனில் வந்தவளை வைத்துக்கொள்ள முதலாளிக்குப் பயம், தொழிலாளர் சங்கத்தில் இப்போது சம்பளம் வாங்கும் காரியதரிசிகளுக்கு அவரைவிட அதிகப் பயம். அந்தச் சங்கத்தின் முதல் வேலைநிறுத்தத்தில் பெஞ்சின் மேல் ஏறிப் பேசியவள் அவள் என்பதை அங்கே சொல்ல ஆள் இல்லை.

விசாரணையில் நடந்ததை உனக்கு முழுதாக எழுதவில்லை. என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதீர்கள் என்று வக்கீல் பெர்ல்ஸ்டைன் படித்துப் படித்துச் சொல்லித்தான் கூட்டிப் போனார். கூடப் பிடிபட்ட மற்ற பெண்கள் அப்படியே உட்கார்ந்திருந்து வீடு திரும்பிவிட்டார்கள். அம்மாவிடம் அதிகாரி, அரசாங்கத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா, அராஜகவாதி என்றால் குண்டு வைப்பவர்தானே என்று கேட்டார். அவ்வளவுதான். கொள்கையைத் தப்பாகச் சொன்னால் நம் ஆட்கள் திருத்தாமல் விடமாட்டார்களே. அப்படியில்ல ஐயா, உங்களுக்கு யாரும் சரியா சொல்லித் தரல, நான் சொல்றேன் கேளுங்க என்று ஆரம்பித்தவள், அவர் மேஜையிலிருந்த தண்ணீரையும் குடித்துவிட்டு, அரசு எதற்கு வேண்டாம் என்று கடைசி வரை விளக்கினாள். பக்கத்தில் ஒரு பெண் ஒரு சொல் விடாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் பெர்ல்ஸ்டைன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, அம்மா, இதைவிட நல்ல கூட்டம் நீங்க நடத்தினதே இல்ல, கேட்டவர் ஒருத்தர்தான், அவரே உங்களைக் கப்பல் ஏத்தப் போறார் என்றார்.

வழி ஒன்று உண்டு என்று அவரே பிறகு சொன்னார். நான் இளவயதில், இந்தக் கொள்கைக்கெல்லாம் வருமுன், குடியுரிமை வாங்கியவன். குடிமகனுக்கு மனைவியானால் அவளும் குடிமகள், குடிமகளை நாடு கடத்த முடியாது. ஆகவே கல்யாணம் பதிகிற நகராட்சி அலுவலகத்துக்கு, சிட்டி ஹாலுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்றார். மணம் செய்துவைக்க யூத குரு ராபியும் வேண்டாம், அரசும் வேண்டாம் என்று இருபத்தாறு வருடம் சேர்ந்து இருந்து, உன்னையும் அப்படியே வளர்த்த எங்களிடம். அன்று வீட்டில் நான் அதைச் சொன்னபோது அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. உன்னை எனக்கு யாரும் கொடுக்கல லெய்சர், இவங்க கொடுத்து நான் வாங்கிக்க மாட்டேன் என்றாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், சிரிக்க வைக்கவும் பார்த்தேன், இந்த வயதில் மண்டி போட்டால் எழுப்பிவிட ஆள் வேண்டுமே என்றேன். ஒரு வாரம் போனது. பிறகு ஒரு காலையில் வேலைக்குப் போகும் பழைய கோட்டையே மாட்டிக்கொண்டு, வா, தொலைச்சுட்டு வரலாம் என்றாள்.

சாட்சிக்கு மாடிவீட்டு சிம்கே வந்தான். இருபத்தாறு வருஷம் யோசிச்சிருக்கீங்க, அவசரப்பட்டுட்டாங்கன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது என்றான். நான் சிரித்தேன், அம்மா சிரிக்கவில்லை. குமாஸ்தா நல்ல பையன், கை குலுக்கி, வாழ்த்துகள் மிசஸ் கப்லோவ் என்றான். என் பெயரை ஒருநாளும் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளாதவளை என் பெயரால் கூப்பிட்ட முதல் ஆள் அவன். டிராமில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் நான் எப்போதும்போல் தேநீர் போட்டு, சர்க்கரைக் கட்டியோடு அவள் முன் வைத்தேன். இத்தனை நாளா நீயா போட்டுக் கொடுத்த, இன்னிலேர்ந்து இது உன் கடமை என்று சொல்லி, குடிக்காமல் எழுந்து போய்விட்டாள். நம் தோழர்களின் உள்ளூர்க் குழுவில் செய்தி பரவிவிட்டது. வாசலில் எங்களைக் கண்டால் சிலர் முகம் மறைக்கச் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

அத்தனையும் வீண், ஃப்ரேடல். போன வியாழக்கிழமை தீர்ப்பு வந்தது. தானாகக் குடிமகளாகத் தகுதியுள்ள பெண்ணுக்குத்தான் கல்யாணத்தால் குடியுரிமை வருமாம், அராஜகவாதிக்கு அந்தத் தகுதி இல்லையாம். அவள் அராஜகவாதி என்பதற்கு விசாரணையில் அவள் வாயால் சொன்னதே சாட்சியாக இருக்கிறதாம். நான் மறுநாள் அந்த அதிகாரியிடமே போய், நானும் அராஜகவாதிதான், என்னையும் சேர்த்து அனுப்புங்கள் என்றேன். கோபப்படக்கூட இல்லை. நீங்க குடிமகன் பெரியவரே, உங்களை எப்படி அனுப்புறது, பனி வழுக்குது, பாத்து வீட்டுக்குப் போங்க என்றார். அவளை அனுப்பப் போகும் ரஷ்யாவுக்கு நானே டிக்கெட் வாங்கிப் போகலாமென்றால், அங்கே பயணிகள் கப்பலே விடுவதில்லை. அங்கிருந்து வரும் செய்தியும் நல்லதாக இல்லை. நம் தோழர்களை அங்கேயும் சிறையில் போடுகிறார்களாம். இதை அம்மாவும் படித்தாள், தாளை மடித்து அடுப்பில் போட்டாள்.

இன்னும் இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை அவள், நாடு கடத்தப்படுபவர்களை அடைத்து வைக்கும் துறைமுகத் தீவுக்குப் போய் ஆஜராக வேண்டும். அதற்குப் பிறகு எந்த நாள் கப்பல் என்று யாருக்கும் தெரியாது, பார்க்க விடுவார்களா என்பதும் தெரியாது. ஆகவே இதைப் படித்ததும் ரயில் ஏறு, யோசிக்காதே. வழியில் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே, மார்பை மூடிக்கொள், ஜன்னல் ஓரம் உட்காராதே. கம்பளிக் காலுறை கிடைத்தால் அம்மாவுக்கு வாங்கி வா, இங்கே நல்லது கிடைக்கவில்லை.

ஒன்றை மறக்காதே. சிட்டி ஹால் விஷயத்தை உனக்கு எழுதக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். கப்பலைப் பற்றி என்ன வேணும்னாலும் எழுது, அதை மட்டும் எழுதாதே என்றாள். வேறொருவர் வாயால் நீ கேட்கக்கூடாது என்றுதான் எழுதினேன். இங்கே வந்து யார் எதைச் சொன்னாலும் காதில் விழாதவள்போல் இரு, அவள் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிடாதே. உன் கண்ணுக்காவது அவள் யாருக்கும் மனைவியாகாமலே போகட்டும்.

ஆசி சொல்ல எனக்குத் தெரிந்த வார்த்தைகளை நான் என்றோ விட்டுவிட்டேன், ஆனாலும் உன் தலைமேல் கை வைத்ததாக நினைத்துக்கொள்.

உன் அப்பா,
லெய்சர்